கால் கொம்பு

முழுக் கொம்பையும் கணக்குப் போட
இந்த மடிக்கணினிக்குத் தெம்பில்லை.
நெடுக்கே ஒரு வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு.
மிஞ்சிய காலை மட்டும் அதற்குக் கொடுத்து
மற்ற முக்காலும் இதே போலத்தான் என்று
சத்தியம் செய்கிறேன்.
நம்புகிறது.

எழுத்திலும் அப்படித்தானே,
கொம்பு என்று எழுத
முன்னால் ஒரு கொம்பு
பின்னால் ஒரு கால்.

கோட்டகலையில் இரவு பதினொன்று.
நிரல் வலை பின்னுகிறது.
அலை இருபத்தொரு சென்ரிமீற்றர்,
கண்ணி இரண்டுக்கு மேல் ஆகாது.
தொண்டையில், செப்பூசி நிற்கும் இடத்தில்,
இன்னும் பொடிசாய், குறுணை அளவு.

சுற்றிவர நான் வரைந்த சுவருக்கு ஒரே வேலை:
பட்டதைத் திருப்பி அனுப்பாமல் விழுங்குவது.
அப்படியொரு சுவரை நான் பார்த்ததில்லை.
இந்த லயத்தில் சுவர் என்றால்
நவமணி அக்காவின் இருமல்,
அவர் மகன் பார்க்கும் கிரிக்கெட்,
அதற்கும் அடுத்த காம்பிராவில்
கரண்டி விழும் சத்தம்.
ஆறு படலம் வைத்தேன். போதவில்லை.
எட்டு.

பனியை மாதிரியில் எழுதவில்லை.
மறந்து அல்ல.
ஸ்டேஷன் விளக்கையே தின்றுவிட்ட இந்தப் பனி
அந்த அலைக்கு இல்லவே இல்லை.
ஐதரசன் முணுமுணுப்பது
எதற்குள்ளும் புகுந்து வரும்,
எங்கள் தகரக் கூரையைத் தவிர.

எண்பத்தேழு வீதத்தில் இருட்டு.
பக்கத்தில் கேத்தல் போட்டிருக்கிறார்கள்.
இரண்டு காம்பிராவுக்கும் ஒரே பியூஸ்.
பேட்டரி செத்து இரண்டு வருடம்.

மறுபடி முதலிலிருந்து.

ஹட்டனில் மஃறூப் நானாவின் பட்டறை.
பீலியும் பேக்கரித் தட்டும் செய்கிற கை
என் படத்தைத் தலைகீழாய்ப் பிடித்தது.
"இது வாயா, காதா?"
இரண்டும்தான் நானா.
அனுப்பினாலும் வாங்கினாலும் ஒரே உருவம்.
"அப்ப மனிசரை விட நல்லம்."
ஒரே தகரத்தை நாலாய் வளைத்து
ஒரு மூலையில் மட்டும்
உள்பக்கம் நான்கு மில்லிமீற்றர் மடித்து அடித்தார்.
படத்தில் மடிப்பு இல்லையே என்றேன்.
"மடிக்காட்டி பிரியும்.
ஒங்கட கம்பியூட்டருக்கு என்ன
கொம்பா மொளச்சீக்கி?"

ஆமாம். கால் கொம்பு.

பேராதனையில் இரவல் வாங்கிய கருவியில்
பள்ளம் விழுந்தது,
விழ வேண்டிய இடத்தில் அல்ல.
பதினெட்டு மெகாஹேட்ஸ் தள்ளி.
ஊசியை நறுக்கலாம். நறுக்குவேன்.
எவ்வளவு என்று தெரிந்த பிறகு.

மடிப்பை மாதிரிக்குள் வரைந்தேன்.
வரைந்த மறுகணம் என் சத்தியம் பொய்த்தது.
ஒரு மூலையில் இருப்பது
மற்ற மூன்றில் இல்லை.
வெட்ட முடியாது இனி.
காலைக் காட்டி முழுசை நம்ப வைக்க முடியாது.
முழுக் கொம்பு,
நாலு மடங்கு கண்ணி,
மிச்ச நேரம்: பதினேழு மணித்தியாலம்
என்று திரை சொன்னது,
பிறகு பத்தொன்பது என்றது.

மரக்கறிப் பாத்தி ஓரம்
கூரைக்கு வெளியே தகரக் கொம்பு
வாயை மேலே திறந்து நிற்கிறது.
பொலித்தீன் போர்த்தியிருக்கிறேன்.
வண்டு கூடு வைத்தால்
அதையும் வரைய வேண்டி வரும்.

மின்விசிறி இரைகிறது.
சுவரில் மூன்று தட்டு.
அக்கா, நாளை மாலை வரைக்கும்
கேத்தல் போடாதீங்க.

கிரிக்கெட் சத்தம் குறைந்தது.
ஒரு இருமல்.
பிறகு சுவர் சொன்னது:
"சரி, அடுப்புல வச்சிக்கிறேன்."