வயதான அட்டை

டுலூத்தில் ஜனவரி, காலை நாலே முக்கால்.
பள்ளிப் பேருந்தின் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டால்
கண்ணாடிப் பனி உருகும் வரை
இருபது நிமிடம் எனக்கே எனக்கு.
ஏழு வருடமாக அந்த இருபது நிமிடத்தில்தான்
கணக்குப் பார்க்கிறேன்.

மூன்று அட்டைகள்.
ஒன்று, நடுக் குளிரில் செத்துப்போன
வீட்டு உலைக்கு.
ஒன்று வெண்டெலின் பற்களுக்கு.
பற்கள் அவனோடு போய்விட்டன,
தவணை என்னோடு தங்கிவிட்டது.
மூன்றாவது எதற்கென்று இப்போது சொல்லத் தெரியவில்லை:
பால், டயர், யாருக்கோ பிறந்தநாள் கேக்,
இன்னொரு டயர்.

வட்டி குட்டி போடும் என்பார்கள்.
நான் பார்த்த வட்டி
தூங்குவதே இல்லை.
பனிப்புயல் விடுமுறையில்,
ஞாயிறு காலை தேவாலயத்தில் நான் தலைகுனிந்திருக்கையில்,
இருபத்தொன்பது விழுக்காடு
வேலை பார்த்துக்கொண்டே இருந்தது.
என்னைவிட நல்ல ஊழியர்.

முதல் முறை நல்ல அட்டை கேட்டபோது வந்த கடிதத்தில்
மரியாதைக்குக் குறைவில்லை.
'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்கி
நான்கு காரணங்கள்.
நான்கும் உண்மை.
ஃப்ரிட்ஜ் கதவில், மீன் வடிவக் காந்தத்தின் அடியில்
அதைச் செருகி வைத்தேன்.
கேட்டதற்கே ஒன்பது புள்ளி குறைந்திருந்தது.
எட்டிப் பார்த்ததற்குத் தண்டம்.

அறுநூற்றுப் பன்னிரண்டு.
கோடையில் ஏரிக்கரை உணவகத்தில் மேசை துடைத்தேன்.
அறுநூற்று நாற்பது.
மோதிரத்தை விற்று உலைக்கு இரண்டு தவணை.
அறுநூற்று எழுபத்தொன்று.
ஒரு வருடம் முழுக்க எதுவும் அசையவில்லை,
எதையும் எழுதி வைக்கவுமில்லை.
எழுநூற்று நான்கு.

நேற்றிரவு சமையலறையில்,
ஈரக் காலுறைகள் ரேடியேட்டரில் காய்ந்துகொண்டிருக்க,
ஃபோனில் மீண்டும் விண்ணப்பித்தேன்.
பெயர். சம்பளம். வாடகையா, சொந்தமா.
திரையில் ஒரு வட்டம் சுற்றியது.
பதினொரு நொடி, எண்ணினேன்.
'வாழ்த்துகள், மார்லிஸ்.'
எட்டாயிரம் டாலர் வரம்பு,
பதினைந்து மாதம் வட்டி கிடையாது.
பாக்கி ஆறாயிரத்து நானூற்றுப் பத்தையும்
அங்கே தூக்கி வைக்க,
கூலி நூற்றுத் தொண்ணூற்று இரண்டு டாலர் முப்பது சென்ட்.

கத்தவில்லை. நாயிடம் மட்டும் சொன்னேன்.
கடன் தீரவில்லை,
வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.
கூரை ஒழுகாத வீடு.

இன்று கத்தரியோடு டிப்போவுக்கு வந்தேன்,
இருப்பதிலேயே கொடிய பழைய அட்டையை
சாட்சி வைத்து வெட்ட.
சாட்சி ரொக்ஸான் பெலாஞ்சர்,
ஒன்பதாம் எண் வண்டி ஓட்டுபவள், என்னைவிடப் பதினாறு வயது சின்னவள்.
"ஐயோ, அதையா? மூடிவிட்டால் புள்ளி சரியும்.
உன்னிடம் இருப்பதிலேயே வயதானது அதுதானே?"
டோனட் மென்றுகொண்டே சொன்னாள்.

ஆமாம், வயதானது.
கல்யாணமான மாதம் எடுத்தது, இருபத்திரண்டு வருடம்.
பின்பக்கக் கையெழுத்தில்
இன்னும் வெண்டெலின் குடும்பப் பெயர்.
மனிதன் போனான், படகு போனது,
சோஃபாவில் பாதியைக்கூடக் கேட்டு வாங்கிப் போனான்.
அந்தப் பிளாஸ்டிக்கின் வயது மட்டும்
என் நாணயத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறதாம்.

கத்தரியை இருக்கைக்கு அடியில் போட்டேன்.

கண்ணாடியில் ஒரு கையகலம் திறந்துவிட்டது.
முதல் நிறுத்தத்தில் அந்தப் பையன்
கோட்டுக்குப் பட்டன் போடாமல்
நடுத்தெருவில் நிற்பான், எப்போதும் போல.

மாதத்துக்கு ஒரு முறை
பெட்ரோல் நிலையத்தில் அந்த அட்டையை நீட்ட வேண்டும்,
அது சாகாமலிருக்க.
மறுநாளே கட்டிவிட வேண்டும்,
அது வளராமலிருக்க.
ஒரு பாக்கெட் சூயிங்கம் போதும் என்கிறாள் ரொக்ஸான்.

புதினா வேண்டாம்.
இலவங்கப்பட்டை வாங்குவேன்.
வெண்டெலுக்கு அந்த வாசனையே ஆகாது.