நாலாவது கிளை

ஏழாம் எண் டோக்கன். நஞ்சம்மா, நாற்பத்து மூன்று, ராயக்கோட்டை.
கழுத்துக் கட்டி நெஞ்செலும்புக்குக் கீழும்
இறங்கியிருக்கிறதா பார்க்கச் சொல்லிச் சீட்டு.
தாலிக்கொடியைக் கழற்ற வேண்டும் என்றேன்.
என் கையில் தராமல்
வாசலில் நின்ற மகனின் சட்டைப் பையில் போட்டாள்.

மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சுடும்,
பயப்படாதீங்க என்று
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னேன்.
"மைக் இல்லாம நூறு பேருக்குக் கேக்கப் பேசறவ நான்.
நீ எதுக்குக் கத்தற?"
தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறாளாம்.
தமிழில் தொடங்கி, தெலுங்கில் ஏற்றி,
கன்னடத்தில் முடிப்பாளாம்.
வியாபாரிக்கு அவன் பாஷையில் கேட்டால்தான்
பெட்டிக்குப் பத்து ரூபாய் கூடும்.

மூச்சை இழுத்துப் பிடிங்க.
விடுங்க.

திரையில் மேலிருந்து உருட்டினேன்.
கட்டி இருந்தது, நினைத்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக.
இதயத்திலிருந்து எழும்பி வளைகிற பெருந்தமனிக்கு
மூன்று கிளைகள்.
எண்ணினேன், நான்கு.
திரும்ப மேலே போய் எண்ணினேன்.

முதலாவதாகப் பிரிய வேண்டிய வலக்கைத் தமனி
கடைசியாக, இடப்பக்கத்தில் பிரிந்து
உணவுக்குழாயின் முதுகை உரசிக் கடந்து
வலது தோளுக்குப் போகிறது;
கிருஷ்ணகிரியில் இறங்க வேண்டியவன்
தூங்கிப்போய் ஓசூரில் விழித்து
ஏதோ பின்பாதையில் ஊர் திரும்புவதுபோல.

கரு உருவாகும் வாரங்களில்
மீனுக்கு இருப்பதுபோல் வளைவுகள்
ஜோடி ஜோடியாக எழுந்து கரையுமாம்.
கரைய வேண்டியது நின்று
நிற்க வேண்டியது கரைந்தால் இப்படி.
நோய் இல்லை. நூறு பேரில் ஒருவருக்கு இருக்கலாம்.
தெரியாமலே வாழ்ந்து
தெரியாமலே போய்விடுவார்கள் பலர்.

"களி இறங்குமா உங்களுக்கு?"
கேட்டிருக்கக் கூடாது. படம் எடுப்பவன் நான், டாக்டர் இல்லை.
எழுந்து உட்கார்ந்தவள் முறைத்தாள்.
"உனக்கு யார் சொன்னா?"

கல்யாணமான மூன்றாம் நாள்
ராகிக் களி உருண்டை நெஞ்சில் நின்றதாம்.
மென்று தின்றாளாம்.
களியை மெல்லுகிறவளைப் பார்த்து வீடே சிரித்ததாம்.
அரிசிச் சோறு கேட்கிற திமிர் என்று மாமியார்.
சோத்துக்காரி என்று பட்டம்.
கட்டியெல்லாம் வராத கழுத்து அப்போது.
பிறகு கட்டி வந்தது,
பழியையெல்லாம் அது வாங்கிக்கொண்டது.

"தமனி அங்க இல்லன்னா நரம்பும் அங்க இருக்காது,"
என்றார் டாக்டர் ஃபர்ஹானா போனில்,
தனக்கே சொல்லிக்கொள்வதுபோல்.
குரல்வளையின் வலப்பக்க நரம்பு
கழுத்தடிவரை இறங்கி
அந்தத் தமனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுவது வழக்கம்.
சுற்ற ஒன்றும் இல்லாத கழுத்தில்
நேரே குறுக்காகப் பாயும், நூல்போல,
கட்டி அறுக்கிற ஏதோ சின்ன ரத்தக்குழாய்போல.
தெரியாமல் அறுத்தால்
மூன்று பாஷையும் போச்சு.
ஸ்கேனில் நரம்பு தெரியாது.
தமனியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மயக்கம் தெளிந்ததும் பேசச் சொன்னார்களாம்.
"இன்னிக்குப் பெட்டி என்ன ரேட்டு?"
கரகரப்புதான். ஆனாலும்
வார்டே திரும்பிப் பார்த்ததாம்.

நாலாவது கிளையை யாரும் தொடவில்லை.
அவள் விழுங்குவதையெல்லாம் அது
பின்னாலிருந்து தட்டிக்கொண்டுதான் இருக்கும்.

தையல் பிரித்த அன்று என் அறைக்கு வந்தாள்.
அதை எழுதிக் கொடு என்றாள், பெரிய எழுத்தில்.
வலக்கைத் தமனி, பிறவியிலேயே,
உணவுக்குழாய்க்குப் பின்னால்.
சீல் வை என்றாள்.
எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.
தேதி முத்திரை ஒன்று கிடந்தது, குத்தினேன்.

யாரிடம் காட்டப் போகிறாள்?
மாமியார் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம்.
"அதனால என்ன," நாலாக மடித்து
ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.
"அமாவாசைக்குப் படையல் போடுவேன் இல்ல,
களி உருண்டைக்குப் பக்கத்துல
இதையும் வெச்சுடறேன்."