அட்டை போட்ட இரவு

செக்காலை ரோட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
பிரவுன் தாள் தீர்ந்துபோச்சு சார், நாளைக்கு வரும்.
நாளைக்குத்தான் பள்ளிக்கூடம்.
மகளுக்கு ஒன்பது நோட்டு, மகனுக்கு ஐந்து.
எடைக்குப் போடக் கட்டிலடியில் சேர்த்திருந்த
மே மாதத்துப் பேப்பர்களை இழுத்துக்
கூடத்தில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.
நாட்டு நடப்பெல்லாம் என் முழங்காலுக்குக் கீழே.

கண்ணாத்தாளுக்கு இந்த வாரம் நைட் டியூட்டி.
பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சொல்லிப் போனாள்:
மாவை ரெண்டு சட்டியாப் பிரிச்சு வைங்க, வெக்கைக்குப் பொங்கிரும்.
பத்து மணிக்கு மேல டிவி கூடாது.
கத்தரிக்கோலைச் சின்னவன் கையில குடுக்காதீங்க.
மூன்றில் ஒன்றைத்தான் காப்பாற்றினேன்.

கணக்கு நோட்டுக்குத் தங்க விலை வந்து வாய்த்தது.
கிராம் எவ்வளவென்று பார்க்காமலே மடித்தேன்.
பார்த்தால், மெய்யம்மைக்குப் பன்னிரண்டு முடிந்தது
கூடவே ஞாபகம் வரும்.
மடித்தபின் பார்த்தேன்.
வந்தது.

சமூக அறிவியலுக்கு ஒரு முழுப்பக்க மாநாட்டு விளம்பரம்.
கும்பிட்ட கைகள் உள்மடிப்பில் போய்விட
முன்னட்டையில் வெள்ளை வேட்டியும் செருப்புமாக
இரண்டு கால்கள் மட்டும் நின்றன.
பிரித்துப் போட நேரமில்லை. நிற்கட்டும்.

தமிழுக்குப் புடவைத் தள்ளுபடி.
அறிவியலுக்கு நீட் தேர்வுப் பக்கம்.
அதை மட்டும் எழுத்து உள்ளே போகும்படி திருப்பிப் போட்டேன்.
இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது அவளுக்கு;
அதற்குள் எதற்கு நோட்டே பயமுறுத்த வேண்டும்.

புதுவயல் ரைஸ்மில்லில் நான் கணக்குப் பிள்ளை.
மூட்டை தூக்கும் சுகன் மாஞ்சி மத்தியானம்
ஆயிரத்து இருநூறு அட்வான்ஸ் கேட்டான்,
ஊரில் மகளுக்குப் புத்தகம் வாங்க.
போனில் அவள் படத்தைக் காட்டினான்.
இரட்டைப் பின்னல், முறைத்த பார்வை.
முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
கேட்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.
இந்தி நோட்டு கிடையாது எங்கள் வீட்டில்,
இருந்திருந்தால் அப்போதாவது ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

பல்லவன் ஸ்டேஷனில் வந்து நின்ற நேரம்
போன் மினுங்கியது. வகுப்புக் குழு.
வெயில் காரணமாகப் பள்ளி திறப்பு ஒரு வாரம் தள்ளிவைப்பு.
கீழே உடனே முப்பது கைகூப்பல்கள்,
ஒரு தாய் மட்டும் அழுகை முகம் போட்டிருந்தாள்.
அவளை எனக்குப் பிடித்திருந்தது.

இன்னும் ஆறு நோட்டு பாக்கி.
விட்டுவிட்டு எழுந்திருக்கலாம். கை கேட்கவில்லை.
அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தது.
இடிந்த சுவர், அதன் முன்னால் ஒரு பையன்,
எங்கள் சாத்தப்பன் உயரம், தோளில் நீலப் பை.
ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை.
இவனுக்கும் நீலம்தான் வாங்கியிருக்கிறேன்,
முந்நூற்று எண்பது சொன்னதை
முந்நூற்று நாற்பதுக்குப் பேசி.

வெளியே தெரிய மடித்தேன். முடியவில்லை.
உள்ளே போக மடித்தேன்,
இருட்டில் வைத்து மூடுவது போலிருந்தது.
எடைக்கட்டில் திரும்ப வைக்கவும் மனசில்லை.
ஜன்னல் மேல் வைத்து அதன்மேல் செலோடேப்பை வைத்தேன்.

ஏழரைக்கு வந்தாள்.
பதினான்கு நோட்டையும் எண்ணினாள்.
லீவுன்னு தெரிஞ்சுமா உக்காந்து போட்டீங்க, என்றாள்.
வழிந்து காய்ந்த மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
பார்த்ததோடு சரி.

செலோடேப்பை நகர்த்தி அந்தப் பக்கத்தை எடுத்தாள்.
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்,
எக்ஸ்ரே பார்ப்பதுபோல.
'இந்தப் பயலோட இடது கையைப் பாருங்க,
தோள்லேருந்து தொங்குது.
யாராச்சும் கட்டுப் போட்டிருப்பாங்களா?'

நான் பையைத்தான் பார்த்திருந்தேன்.

மேலோரத்தில் தேதி தேடினாள். மே பத்தொன்பது.
விரல் விட்டு எண்ணினாள்.
'பதினாலு நாளாச்சு.
போடலைன்னா இந்நேரம் கோணலா ஒட்ட ஆரம்பிச்சிருக்கும்.'

பிறகு கை கழுவிவிட்டு
இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவப் போனாள்.