மணல் உருண்டை

புரைமி. வியாழன், காலை ஏழு.
ஏசி இழுத்திழுத்து மூச்சு வாங்கும் ஆய்வகத்தில்
இந்த வாரம் மூன்றாம் முறையாக
அதே பெண் ஒட்டகத்தின் ரத்தம்.
சீட்டில் பெயரில்லை, காது வில்லை எண் மட்டும்:
7718.

கொண்டுவருபவன் அத்தாஹிர், சூடான்காரன்,
என் கடைசித் தம்பி வயது.
ஞாயிற்றுக்கிழமை ரத்தக் குழாயோடு
ஒரு பாலிதீன் பையையும் மேசையில் வைத்தான்.
உள்ளே எலுமிச்சை அளவு ஈர மணல்.
"மோந்து பாருங்க" என்றான், பாதி அரபி பாதி இந்தியில்.
ஒட்டகம் மூத்திரம் பெய்த இடத்து மண்.
"எங்க ஊர்ல இது குஃபார்.
வாசம் வந்துட்டா வந்துட்டதுதான்."

நான் கையுறையைக் கழற்றவில்லை.
பை மஞ்சள் கூடைக்குப் போனது.
தகட்டில் ஒரு துளி, மேலே கண்ணாடிச் சில்லு,
நாற்பது மடங்கு லென்ஸில் இருபது நிமிடம்.
ஒட்டகத்தின் சிவப்பணு வட்டமில்லை,
வெள்ளரி விதை போல நீளம்.
விதைகள் சும்மா கிடந்தன.
'காணப்படவில்லை.' முத்திரை.

செவ்வாயும் அப்படியே.
காய்ச்சல் இறங்கிய நாளில் அது
சட்டை மாற்றிக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கும்,
படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.
முத்திரை.

நேற்றிரவு கன்று விழுந்துவிட்டதாம்.
பத்து மாதம். கண் திறக்கவில்லை.
இதைச் சொல்லும்போது அவன்
குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

இன்று விதைகள் நடுங்கின.
ஒன்று இடிபட்டது, பக்கத்தில் இன்னொன்று,
திருவிழாக் கூட்டத்தில் திருடன் புகுந்து ஓடுவது போல.
பிறகு அவனையே கண்டேன்:
விலாங்குக் குஞ்சாய் நெளியும் ஒற்றைச் செல்,
முதுகு நெடுக அலையடிக்கும் சவ்வு.
அழகாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

அத்தாஹிரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன்.
வெகுநேரம் பார்த்தான்.
"இவ்வளவுதானா?" என்றான்.

ஊசி எழுதினேன், மந்தை முழுக்க, அறுபத்துமூன்று தலைக்கு.
குதிரை ஈக்கு மருந்தடிக்கச் சொன்னேன்.
பதிவேட்டில் 'கண்டறிந்த முறை' என்றொரு கட்டம்.
நுண்ணோக்கி என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் இருந்தேன்.

மஞ்சள் கூடை வியாழன் மாலைதான் காலியாகும்.
எழுந்து போய்க் கிளறினேன்.
பை அடியில் கிடந்தது,
உருண்டை காய்ந்து இரண்டாய் விண்டிருந்தது.
கையுறையைக் கழற்றி
மூக்கருகே கொண்டுபோனேன்.

மூத்திரம்.
வெறும் மூத்திர வாடைதான் எனக்கு.

கதவருகே நின்று அவன்
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.