ஒரு தெர்மோகோல் பெட்டிக்கான ரசீது

ஆனி இருபத்தைந்து. பணகுடிக்கு மேற்கே
மலை இருந்த இடத்தில் மேகம் இருந்தது.
காலை ஐந்தரைக்குப் பலூனை விட்டோம்.
விட்டோம் என்பது மரியாதைக்கு.
காற்று பிடுங்கிக்கொண்டு போனது.
உள்ளங்கையில் நூல் இழுத்த கோடு
இன்னும் எரிகிறது.

வினாடிக்கு ஐந்து மீட்டர் ஏறியது.
திரையில் எண்கள்: வெப்பம், ஈரம், காற்றின் வேகம்.
மலையில் முட்டி ஏறிய காற்று
இந்தப் பக்கம் இறங்கி, மறுபடி எழும்பி,
கல்லைத் தாண்டிய வாய்க்கால் தண்ணீர்போல
நெளிந்து நெளிந்து மேலே போவதை
ஒரு கோடு எழுதிக்கொண்டே வந்தது.
ஒன்பதாவது கிலோமீட்டரில் நின்றது.
பழைய ரப்பர். பட்டென்று போயிருக்கும்,
சத்தம் கேட்க அங்கே ஆள் இல்லை.

மதியம் திசையன்விளை காவல் நிலையத்திலிருந்து
ஏட்டு பலவேசம் பேசினார்.
"பெட்டியில ஒங்க நம்பர் கெடக்கு.
வயர் இருந்துச்சு, அதான்
வாளித் தண்ணிக்குள்ள போட்டு வச்சிருக்கோம்."

பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். முப்பது வயசிருக்கும்.
கையில் தொரட்டி, மடியில் எங்கள் ஆரஞ்சுக் குடை
நாலாய் மடித்து. பேர் சொர்ணக்கிளி.
இட்டமொழித் தேரியில், உடைமரத்து உச்சியில் தொங்கியதை
இழுத்துப் போட்டவள். அப்போதிருந்து சாட்சி.
"ஒங்க பலூனுக்கு எம் ஆடு பட்டினி கெடக்கு" என்றாள்,
ஏட்டைப் பார்த்து, எனக்காக.
பிறகு நேராகவே கேட்டாள்:
"என்னத்துக்கு விடுதிய?"
காற்றில் அலை இருக்கிறது, அதை அளக்க என்றேன்.
"அளந்தா மழை கூடுமா?"
கூடாது.
"பொறவு?"

அதற்குப் பதில் மசூதிடம் இருக்கலாம்.
மேலப்பாளையத்துக்காரன். இந்த வருஷம்
தென்துருவத்தில் குளிர்காலம் கழிக்கிறான்.
சூரியனைப் பார்த்து நாற்பது நாளாச்சாம்.
தலைவிளக்கு வெளிச்சத்தில், இரண்டு பேர்
இடுப்போடு இடுப்பைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு
அவன் விடுகிற பலூனும் நம் ஐந்தரைக்குத்தான்.
அங்கேயும் மலை, மலைமேல் காற்று, காற்றில் அலை.
கணக்கு ஒன்றே. பூமி திருப்பிவிடும் கை மட்டும் வேறு.
அவன் இருக்கும் இடத்தில் அலைக்கு
அதிகம் போனால் பன்னிரண்டே முக்கால் மணி நேரம்,
அதற்குள் ஒரு சுற்று முடித்தாக வேண்டும்.
நம் பக்கம் மூன்று நாளுக்கு மேல் அவகாசம்.
விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி
இருந்து, சாய்ந்து, மெதுவாகக் கிளம்பலாம்.

உயர உயரக் காற்று திரும்புவதைப் புள்ளி வைத்துக் கோத்தால்
எனக்கு வலம்புரி, அவனுக்கு இடம்புரி.
அன்று இரவு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தோம்.
அவனுடையது முப்பத்தொரு கிலோமீட்டர், முழுச்சுருள்.
"ஒஞ் சங்கு மூளியால்லா இருக்கு" என்று அனுப்பினான்.
பின்னாலேயே ஒரு படம்: விரல் நுனி, கறுத்து.
கையுறையைக் கழற்றாமல் முடிச்சு விழவில்லையாம்.
என் உள்ளங்கைக் கோட்டைப் படம் எடுத்தேன்.
அனுப்பவில்லை.

அது இரவில் நடந்தது. நிலையத்தில், அதற்கு முன்னால்,
பலவேசம் ஒரு தாளை நீட்டினார்.
பொருள்: வெள்ளைப் பெட்டி ஒன்று, நனைந்தது.
மதிப்பு என்ற இடத்தில் என்ன போட என்றார்.
உள்ளே ஒரு வெப்பமானி, ஓர் ஈரமானி.
ஒன்பது கிலோமீட்டர் வானத்தை அளந்தவை
ஒரு வாளித் தண்ணீரை அளந்து முடித்திருந்தன.
கோடு போடுங்கள் என்றேன்.

சொர்ணக்கிளி எழுந்து குடையை உதறினாள்.
சினை ஆட்டுக்கு நிழல் கட்டவோ என்னவோ.
கொடு என்று நான் கேட்கவில்லை,
எடுத்துக்கிடவா என்று அவளும் கேட்கவில்லை.
கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்:
குடை நீங்கலாகப் பெற்றுக்கொண்டேன்.