குடையளவு

குடை கொண்டுபோனவர்
தெப்பமாக நனைந்து வந்தார்.

காசல் வீதி ஆஸ்பத்திரி.
பார்வையாளர் நேரம் முடியப் பதினொரு நிமிடம்.
சேட்டு முதுகோடு ஒட்டிக்கிடக்க
கஜீபன் வாட்டு வாசலிலேயே நின்றார்.
பிள்ளைக்குக் குளிர் தொற்றிவிடுமாம்.
கையில் மடித்தபடியே குடை.

"குடை இருந்துமா?" என்றேன்.
"விரிச்சா அளவு போயிடும்."

பிறக்க முந்தித் தொட்டில் வாங்கக்கூடாது என்று
யாரோ சொல்லிவைத்தார்கள்.
இதையெல்லாம் நம்பாத ஆட்கள் நாங்கள்.
முந்தின இரண்டு முறையும்
நம்பாமல்தான் இருந்தோம்.
இந்த முறை
ஒரு சின்னச் சொக்ஸ்கூட வாங்கவில்லை.

அளவுநாடா எந்த லாச்சியில் என்று
எனக்கு மட்டும்தான் தெரியும்.
நானோ சத்திரசிகிச்சை மேசையில்.
அதனால்
வெள்ளவத்தை அறையில்
கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே
குடையைக் கிடத்தி
திருநீறு குழைத்து
அதன் கறுப்பில் ஒரு கோடு இழுத்திருக்கிறார்,
நெற்றிக்குப் பூசுகிற அதே விரலால்.

தாதி சொன்னது இன்னொன்று:
கம்பிகளுக்கு இடையில் சோடா ரின் நுழைந்தால்
அந்தத் தொட்டில் வேண்டாம்.
ஆகவே மற்றக் கையில் வெறும் ரின்.

இப்படி ஒருவர்
காலி வீதி நீளத்துக்கும் கடை ஏறினால்
காவலாளிகள் என்ன நினைப்பார்கள்!
தெஹிவளையில் ஒருவன்
ரின்னை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான்,
உதவி என்று நினைத்து.
பம்பலப்பிட்டிக் கண்ணாடிக் கடையில்
வாத்துப் படம் போட்ட வெள்ளைத் தொட்டில்,
தானாக ஆடுமாம், பாட்டும் படிக்குமாம்,
விலை எங்கள் மூன்று மாத வாடகை.
"மாத்தயா, மீற்றர் இல்லையா?" என்று கேட்ட பெட்டையிடம்
குடையைக் காட்டியிருக்கிறார்.
அவள் சிரிக்கவில்லை.
குடையைப் பிடித்துத் தானே வைத்துப் பார்த்து
நாலு விரல் கூட என்று சொன்னாளாம்.

நான் படுத்தபடியே வட்ஸ்அப்பில் தீர்ப்புச் சொன்னேன்:
சில்லு வேண்டாம்.
எங்கள் தளம் கடல் பக்கம் சரிவு,
போளை ஒன்றை வைத்தால்
தானே உருண்டு யன்னலடிக்குப் போய் நிற்கும்.
மெத்தென்ற கரை வேண்டாம்.
ஒரு பக்கம் திறக்கவேண்டும்,
என் பக்கம்.
தையல் இழுக்காமல்
கை மட்டும் போனால் போதும்.

பக்கத்துக் கட்டில் பஸ்மியா எட்டிப் பார்த்து
"அந்த மண்ணிறம்" என்றாள்.
அவளுக்கு இது நாலாவது.
எதிர்த்துப் பேசவில்லை நான்.

மொறட்டுவையில் கிடைத்தது அந்த மண்ணிறம்.
வார்னிஷ் மணம் போகட்டும் என்று
மூன்று நாள் மொட்டைமாடி நிழலில் வைத்தார்.
நாங்கள் வீடு வந்தபோது
கட்டிலோடு சேர்த்து வார்போட்டு இறுக்கியிருந்தது.
மெத்தைக்கு மெத்தை சரிமட்டம்.
இடையில் ஒரு காகிதமும் போகாது.
கோடு பொய் சொல்லவில்லை.

அலுமாரிக் கதவுதான் திறக்கவில்லை.

அவ்வளவு அளந்த மனிசன்
கதவு வெளிப்பக்கம் திறக்கும் என்பதை மறந்துபோனார்.
பிள்ளையின் உடுப்பெல்லாம் உள்ளே.
ஒரு சாண் இடுக்கில் கைவிட்டு
எது வருகிறதோ அதைப் போடுகிறோம்.
இன்று வந்தது அவருடைய பனியன்.
அதற்குள் படுத்திருக்கிறாள்
இரண்டு கிலோ நானூறு,
இன்னும் பெயரில்லை.

இரவு பத்தரை ரயில் போகையில்
யன்னல் கிலுங்கியது,
செம்புத் தண்ணீர் வட்டமிட்டது,
தொட்டில் அசையவில்லை.
"மூச்சு விடுறாளா?"
சுவர்ப்பக்கம் இருந்து ஒரு குரல்.
விடுகிறாள் என்றேன்.
கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டார்.
எத்தனை தரம் என்று எண்ணவில்லை.

காலையில் பிடித்துப் பெய்கிறது.
வேலைக்கு நேரமாகிவிட்டது.
ஆணியில் குடை,
திருநீற்றுக் கோடு பாதி உதிர்ந்து.
கையை நீட்டினார், எடுத்தார்,
பார்த்தார்,
திரும்ப மாட்டினார்.

சொப்பிங் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
நூறாம் இலக்க பஸ்ஸுக்கு ஓடுகிறார்
இந்தப் பிள்ளையின் தகப்பன்.