எட்டாவது கேள்வி

வியாழன் மாலை ஷிஃப்ட் முடிந்ததும்
மாபுட்சுவே மெயின் ரோட்டில்
ஒரு சலூனின் பின்னறைக்குப் போவோம்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்னாப்பிரிக்கா,
இந்தப் பக்கம் ஜீன்ஸ் தைக்கும் நாங்கள்.
முன்னறையில் யாருக்காவது ஜடை பின்னிக்கொண்டிருப்பார்கள்.
ஹேர் ட்ரையர் ஓடும்வரை
எங்கள் பேச்சு வெளியே கேட்காது.
அதற்காகவே அந்த அறை.

நான் ஜிப் வைப்பவள். மணிக்கு நூற்றிருபது.
லிமாகாட்சோ பாக்கெட். புலானே இடுப்புப்பட்டி.
எங்கள் ஆறு பேரில் ஒருத்திக்கும்
முழுதாக ஒரு கால்சட்டை தைக்கத் தெரியாது.

ஏழாவது ஆள் கெனெவே.
எங்களைவிடப் பெரியவள் இல்லை, இருபத்துமூன்று.
கிளினிக்கில் ஆறு வாரப் பயிற்சி,
ஒரு பச்சை ஃபைல்,
பஸ்ஸுக்குக் கொடுத்த காசை மிச்சம்பிடித்து
வாங்கிய கெட்டில்.
"நான் டாக்டர் இல்லை" என்று வாராவாரம் சொல்வாள்.
பிறகு பன்னிரண்டு கேள்விகள்.
தூக்கம் வந்ததா.
சின்னதற்கெல்லாம் அழுதாயா.
ரொம்ப யோசித்தாயா
(எங்களிடம் இந்த நோய்க்கு அதுதான் பெயர்,
ரொம்ப யோசிப்பது.
கரண்ட் போனாலும் நிற்காத மிஷின் அது).

எட்டாவது வரும்போது
எல்லோரும் கெட்டிலைப் பார்ப்போம்.
அவள் குரலைத் தாழ்த்த மாட்டாள்.
உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்பாள்:
செத்துப்போகலாம் என்று தோன்றியதா.

முதல் வாரம் இல்லை என்றேன்.
இரண்டாம் வாரமும்.
மூன்றாம் வாரம் நான் வாய் திறந்த நொடியில்
ஹேர் ட்ரையர் நின்றது.
என் "ஆம்" முன்னறை வரை போயிருக்கும்.
யாரும் கட்டிப்பிடிக்கவில்லை, நல்லவேளை.
லிமாகாட்சோ தன் கம்பளியில் பாதியை
என் முழங்கால்மேல் தள்ளினாள்.
கெனெவே ஃபைலில் ஒரு கோடு போட்டுவிட்டு
"இன்றிரவு யாரோடு தூங்குவாய்?" என்றாள்.

மறுநாள் லெரிபே ஆஸ்பத்திரிக்கு
புலானே என்னோடு வேனில் வந்தாள்.
அரைநாள் கூலி போனது. சொல்லிக்காட்டவில்லை.
சரி, ஒரே ஒருமுறை சொல்லிக்காட்டினாள்.

ஜூலை எங்களுக்குப் பனிக்காலம்.
ஆற்றின் ஓரங்கள் உறைந்திருந்தன.
ஆர்டர் குறைந்து இரண்டு லைனை மூடினார்கள்.
அந்த வியாழன்
கெட்டில் பூட்டிய அலமாரிக்குள்.
கெனெவே வரவில்லை. போன் அணைந்திருந்தது.

பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
தகரக்கூரை வரிசையில் நாலாவது அவள் அறை.
தட்டினோம்.
"போங்கள்."
போகவில்லை.
கவிழ்த்த பீர்க் கிரேட்டுகளில் உட்கார்ந்தோம்.
பச்சை ஃபைல் உள்ளே, அவளிடம்.
ஆனால் கேட்டுக் கேட்டு எங்களுக்கே பாடம்.
லிமாகாட்சோ முதலாவதைத் தகரக் கதவிடம் கேட்டாள்.
புலானே இரண்டாவதை.
ஆளுக்கொன்றாக,
அவரவர் கைக்கு வந்த துண்டு.
கதவு ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

எட்டாவது என் முறை.
அவளைப்போலவே கேட்கத்தான் நினைத்தேன்.
குரல் நடுங்கிவிட்டது.
உப்புக் கேட்பது அத்தனை எளிதில்லை.

நெடுநேரம்.
எங்கோ ஒரு நாய். எங்கோ ரேடியோவில் அக்கார்டியன்.
பிறகு தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.
கதவு ஒரு கை அகலம் திறந்து
இருட்டு பேசியது:
"தப்பாகக் கேட்கிறாய்.
கடந்த ஏழு நாட்களில் என்று தொடங்கவேண்டும்."

தொடங்கினேன்.

அவள் பதிலை இங்கே எழுதமாட்டேன்,
அது ஃபைலுக்கு உரியது.
அன்றிரவு அந்த அறையில் ஏழு பேர்,
கம்பளி நான்கு.
புலானே குறட்டை விடுவாள் என்று தெரிந்துகொண்டோம்.
காலையில் இருவர் கெனெவேயோடு வேனில்.
மற்ற நால்வரும் ஷிஃப்டுக்குத் தாமதம்,
ஒரு மணிநேரக் கூலி பிடித்தார்கள்.